சந்தாதாரர் பக்கத்துப் பழுது

ஹால் டிக்கெட் இறங்கியது. திறக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்குள்ளே இத்தனை துரோகம் சுருண்டு கிடக்கும் என்று யார் கண்டது.

உட்காருங்கள் தம்பி. இந்தப் பக்கம் நிழல் இருக்கிறது. உள்ளே உங்கள் ஆள் யார், மகளா? தங்கச்சியா. சரி. எல்லாரும் உள்ளே போயாயிற்று. இன்னும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. மணி அடிக்க வேண்டும். என் ஆளும் உள்ளேதான் இருக்கிறது. பேத்தி இல்லை. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெண்டாட்டி.

சிரிக்காதீர்கள். சிரித்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இந்தப் பை அவளுடையது. உள்ளே பை கொண்டுபோகக் கூடாதாம். கேட்டில் வைத்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. ஹால் டிக்கெட் திறந்த நாளிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. திறந்தது யார் என்று கேட்காதீர்கள். சொல்வதற்கு எனக்கு வாய் வராது. ஏன் வராது என்பதுதான் கதை.

நான் டெலிபோனில் இருந்தேன். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாயிற்று. இப்போதும் தென்காசியில் டெலிபோன் சார் வீடு என்று கேட்டால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பழுது பார்க்கிற வேலை. சாரல் ஆரம்பித்தால் பாதி ஊருக்குப் பேச்சு நின்றுவிடும். நான் போய்ப் பேச வைப்பேன். பழுது பார்க்க ஒரு முறை இருக்கிறது தம்பி. முதலில் பழுது எக்ஸ்சேஞ்ச் பக்கமா, சந்தாதாரர் பக்கமா என்று பிரிக்க வேண்டும். நடுவில் கம்பியைக் கழற்றிச் சோதித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் சந்தாதாரர் பக்கம்தான் இருக்கும். எலி கடித்திருக்கும். இல்லையென்றால் ரிசீவரைச் சரியாக வைத்திருக்க மாட்டார்கள். தாங்களே அப்படி வைத்துவிட்டு, போன் வரவில்லை என்று நம்மை ஏசுவார்கள். தன் வீட்டுக்குள்தான் பழுது என்று எவனும் நம்பினதில்லை. மனுஷ சாதி அப்படி.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது வாங்கினது. கரண்டு பில், தண்ணீர் வரி, பென்ஷன் எல்லாம் அதில்தான் பார்ப்பேன். மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்திருப்பேன். அவள் அந்தத் துணியை எடுத்துத் துவைத்துப் போடுவாள். அவளுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் அதற்கு மேல் சம்பந்தம் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். காபியை வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. நிற்கிறாள்.

"ஒரு தாள் இறக்கித் தருவியளா?"

"என்ன தாள்?"

"ஹால் டிக்கெட்டு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை நீட்டினாள். செய்தி வந்திருக்கிறது. பதிவு எண், ஒரு முகவரி, கீழே என்னவோ நாலு வரி. ஏதோ திறந்தநிலைப் பள்ளியாம். பத்தாங்கிளாஸ் எழுதப் போகிறாளாம். பேர் கொடுத்தாயிற்று, பாடம் முடிந்தாயிற்று, பரீட்சை அடுத்த வாரம். இந்த வீட்டில் நான் ஒருத்தன் இருக்கிறேன். நாற்காலி மேசைக்குத் தெரிந்த விஷயம்கூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போவாள். மதியம் வருவாள். நான் சாமி விஷயத்தில் தலையிடுவதில்லை. அந்தச் சனிக்கிழமையெல்லாம் வகுப்பாம். யோசித்துப் பார்த்தால் ஒரு நாளும் திருநீறு கொண்டுவந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காதது என் தப்பா? பெண்டாட்டி கோயிலுக்குப் போகிறேன் என்றால் பின்னாலேயே போய்ப் பார்க்கவா முடியும்.

"இந்த வயசில எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு பாக்கி இருக்குல்லா."

பாக்கி என்றால் கணக்குப் பரீட்சை. கல்யாணம் பேசும்போது அவள் இலஞ்சியில் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வகுப்பு. மற்ற பரீட்சையெல்லாம் எழுதிவிட்டாள். கணக்கன்றைக்கு முகூர்த்தம். வேறு நாள் பார்க்கலாமா என்று அவள் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு லீவு கிடைத்தது அந்த வாரம்தான். அடுத்த தடவை எழுதிக்கொள்ளட்டும் மாமா என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். அடுத்த தடவை வருவதற்குள் மகள் சுபத்ரா வயிற்றில் வந்துவிட்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இப்போது எழுதுவதென்றால் எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து எழுத வேண்டுமாம். எழுதுகிறேன் என்கிறாள். முதல் நாளே கணக்கு. அதுதான் இன்றைக்கு.

சரி, தாளுக்கு வருகிறேன்.

கோபத்தை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்? யாரோ இவளை ஏமாற்றியிருப்பார்கள், அதைக் காட்டிக் கொடுக்கலாம் என்றுதான். முகவரியைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பக்கம் வந்தது. எண் கேட்டது. கொடுத்தேன். பச்சையாக ஒரு பொத்தான். அழுத்தினேன். வெள்ளைப் பக்கம் ஒன்று மின்னியது, மறைந்தது. மறுபடி அழுத்தினேன். மின்னியது, மறைந்தது. எத்தனை தடவை அழுத்தினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சொல்லமாட்டேன்.

பின்னாலிருந்து, "இங்க பாருங்க, மேல ஒரு அம்புக்குறி..." என்றாள்.

"நீ சும்மா இரு" என்றேன்.

வேலை செய்கிறவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசக் கூடாது. டெலிபோன் போஸ்டில் ஏறி நிற்கும்போதும் என் கட்டளை அதுதான். கீழே நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது.

முறைப்படி போனேன். முதலில் நம் பக்கம். மோடத்தை அணைத்துப் போட்டேன். கம்பியைக் கழற்றி முனையைச் சீவி மறுபடி மாட்டினேன். வாசலில் ஏணி போட்டு வெளிக் கம்பியையும் பார்த்தேன். லைன் சுத்தம். அப்படியென்றால் பழுது அவர்கள் பக்கம். புகார் சொல்ல ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். அடித்தேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் வைத்துவிட்டார்கள்.

மகளைக் கூப்பிட்டேன். சுபத்ரா ஓசூரில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலைதான்.

"அப்பா, வேற பிரவுசர்ல திறந்து பாருங்க."

பார்த்தேன். அதிலும் மின்னியது, மறைந்தது.

"சரி, கேஷ் கிளியர் பண்ணுங்க."

"அது என்னது?"

"பழசெல்லாம் சேந்து கிடக்கும்ப்பா. அதைத் துடைச்சிரணும்."

துடைத்தேன். என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். முடிந்ததும் பார்க்கிறேன், கரண்டு பில், பென்ஷன், ரயில் டிக்கெட், ஒரு இடமும் என்னை உள்ளே விடவில்லை. இத்தனை வருஷம் கதவைத் தள்ளிக்கொண்டு போன இடமெல்லாம், உன் பேர் என்ன என்று கேட்கிறது. உங்களுக்கு நடந்தால் தெரியும் தம்பி. சொந்த வீட்டு வாசலில் நிறுத்திப் பேர் கேட்கிற மாதிரி. இதைவிட மனுஷனுக்கு அவமானம் வேறு என்ன இருக்கிறது.

ஹால் டிக்கெட் மட்டும் அப்படியேதான். மின்னியது, மறைந்தது.

மகளிடம் கத்தினேன். அவள் சொன்னாள், "கோபப்படாதீங்கப்பா. அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கா. எப்படியாவது எடுத்துக் குடுத்துருங்க."

அப்போதுதான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அது வந்துப்பா..."

"எப்பலேருந்து தெரியும்?"

"அப்பா, நீங்க முதல்ல அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவை..."

வைத்துவிட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எல்லாம் கேட்பாள். இதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பீர்முகமது கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். என் பென்ஷன் தாளுக்கே அவனிடம் போனதில்லை. போகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

"டெலிபோன் சாரா, வாங்க வாங்க. மழை வரப் போகுது போலிருக்கே."

"கிண்டலா? முதல்ல இதைக் கேளும்" என்று விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவன் தலையாட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அது அப்படித்தான் சார். வெள்ளைப் பக்கம் மின்னி மறைஞ்சா தாள் இறங்கிட்டுன்னு அர்த்தம். கண்ணு முன்னால திறக்காது. டவுன்லோட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில போய் உக்காந்திருக்கும். மேல அம்புக்குறி ஒண்ணு வந்திருக்குமே, பாக்கலியா?"

"மின்னுறதைத்தான் பாத்தேன்" என்றேன்.

"அம்மாவுக்குத்தான சார்? அம்மா சொல்லலியா? அவங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே. மாதிரிக் கேள்வித்தாள் எல்லாம் இங்க வந்துதான் எடுப்பாங்க. அவங்களே தேடி, அவங்களே இறக்கி, அவங்களே பிரிண்ட் குடுத்துட்டுப் போயிருவாங்க. நான் டீ குடிக்கப் போனா கடையைக்கூடப் பாத்துக்கிடுவாங்க."

கடையைக்கூடப் பார்த்துக்கொள்வாளாம். எப்படி இருக்கும் எனக்கு. நான் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போகிறேன். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. பால்காரன் பார்வையில்கூட ஒரு மாதிரி இருந்தது, இப்போது நினைத்தால்.

ஒன்று கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். இவளுக்கே எல்லாம் தெரியும். கடைக்குப் போனால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவாள். அப்புறம் எதற்கு என்னிடம் வந்து காபியை வைத்துவிட்டு, ஒரு தாள் இறக்கித் தருவியளா என்று கேட்டாள்? வேறென்ன, ஆழம் பார்க்கத்தான். இவனுக்கு எவ்வளவு தெரியும், பார்த்துவிடலாம் என்று.

வேறு காரணம் இருக்கும் என்கிறீர்களா? என்ன காரணம்? இருந்தால் சொல்லியிருப்பாளே. விடுங்கள்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபோல்டரைத் திறந்தேன். இருக்கிறது. அதே தாள், அதே பேர், அடைப்புக்குறிக்குள் ஒன்று, ரெண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறது. நான் அழுத்தின அழுத்தத்துக்கெல்லாம் ஒன்று வந்திருக்கிறது. நான்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது கொல்லை வழியாக வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றை அழுத்தினேன். பிரவுசரில் கறுப்பாகப் பக்கம் வந்தது. நடுவில் ஒரு பெட்டி. கடவுச்சொல் கேட்கிறது. அதற்கு வழி செய்தியிலேயே இருந்தது, அந்தக் கீழ் நாலு வரியில். பேரின் முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து, பிறகு பிறந்த வருஷம்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். பெண்டாட்டி பேர் தெரியாதா எனக்கு. சொர்ணம். ரேஷன் கார்டில் நான் சொல்லி எழுதினது. வாக்காளர் பட்டியலில் நான் சொல்லி எழுதினது. அடித்தேன். வருஷத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். நட்சத்திரம் தெரியும், உத்திரட்டாதி. ஜாதகம் பார்த்துத்தானே கட்டினது. கம்ப்யூட்டர் நட்சத்திரம் கேட்கவில்லை. ரேஷன் கார்டை எடுத்து அதிலிருந்த வருஷத்தைப் போட்டேன்.

தவறு என்றது.

முன்னால் ஒரு வருஷம், பின்னால் ஒரு வருஷம் போட்டுப் பார்த்தேன். தவறு. ரெண்டாம் நம்பர் தாளில் போட்டேன். தவறு. மூன்றாவதில் போட்டேன். வேறு பிரவுசரில் திறந்து போட்டேன். பெரிய எழுத்தில் போட்டேன், சின்ன எழுத்தில் போட்டேன். எல்லாத் தாளும் ஒரே பதில்தான் சொல்கிறது.

"இங்க பாருங்க, அந்தப் பேரு..." என்றாள் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு."

"இல்ல, நான் ஒரு தடவை..."

"உன்னைத்தான் சும்மா இருன்னேன்."

இருந்தாள். அவளிடம் ஒரு நல்ல குணம், சொன்னால் இருந்துவிடுவாள்.

இரண்டு நாள் போயிற்று. தாளை எடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகு முடிவு சொன்னேன். கோப்பு கெட்டுப்போயிருக்கிறது. அவர்கள் பக்கத்துப் பழுது. நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

"உன் பரீட்சை போச்சு. போய்ச் சோத்தை எடுத்து வை" என்றேன்.

அவள் போகவில்லை.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் என்னைப் பார்த்து எந்திரி என்று சொன்னதில்லை தம்பி. பந்தியில்கூடச் சொன்னதில்லை. நான் ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. எழுந்துவிட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டாள். ஒற்றை விரலால் அடிக்கிறாள். திரையில் புள்ளி புள்ளியாகத்தான் விழும், தெரியாது. விரல் போகிற இடம் தெரியுமே. முதல் எழுத்து எஸ் இல்லை. கீபோர்டில் அது இடது ஓரத்தில் இருக்கிறது, இவள் விரல் வேறு பக்கம் போகிறது. தப்பாக அடிக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரெண்டாவது எழுத்து. மூன்றாவது எழுத்து விழும்போது எனக்குப் புரிந்துவிட்டது. வாய் அப்படியே நின்றுவிட்டது.

திறந்தது.

அவள் போட்டோ. பக்கத்தில் பதிவு எண். அதற்கு மேல் பேர். என் அம்மா பேர்.

குழம்பாதீர்கள், சொல்கிறேன். என் அம்மாவுக்கும் இவளுக்கும் ஒரே பேர். கல்யாணம் பேசும்போதே தெரியும். ஒரு வீட்டில் எப்படிச் சரிவரும்? மருமகளை அதட்டிக் கூப்பிட்டால் மாமியாரை அதட்டுகிற மாதிரி ஆகிவிடும். நான் எப்படிக் கூப்பிடுவேன்? பெற்றவள் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிடவா முடியும்? எங்கள் பக்கம் இது சகஜம். வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், இன்றையிலிருந்து நீ சொர்ணம் என்று. இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம். நல்ல பேர்தானே, தங்கம் என்று பேர். அன்றையிலிருந்து எனக்கு அவள் சொர்ணம்தான். ரேஷன் கடைக்கும் சொர்ணம்தான், சுபத்ரா பள்ளிக்கூடச் சான்றிதழில் தாயார் பேரும் சொர்ணம்தான்.

பழைய பேர் எனக்கு மறந்துபோகவில்லை. ஞாபகத்துக்கு வரவில்லை. ரெண்டும் வேறு.

"என்ன இது?" என்றேன்.

"என்ன, என்ன?"

"இது யார் பேரு?"

"என் பேரு."

"அம்மா பேரு."

"எனக்கும் அதான் பேரு. எங்கப்பா வச்சது."

"ஆதார்ல சொர்ணம்னுதான் இருக்கு. இது செல்லாது."

மேசை டிராயரில் எல்லா அட்டையும் ஒரு உறையில் போட்டு வைத்திருப்பேன். எடுத்துக் கையில் கொடுத்தாள். பார்க்கிறேன். அதிலும் அதே பேர். ஒரு தடவை போன் நம்பர் சேர்த்துவிட்டு வா என்று நானேதான் அனுப்பினேன். போன் நம்பரைச் சேர்த்திருக்கிறாள், அப்படியே பழைய பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டிப் பேரையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பி வந்து என் கையில்தான் கொடுத்தாள், நான்தான் உறையில் போட்டேன். பெண்டாட்டி அட்டையில் பேரை யார் படிக்கிறார்கள். போட்டோ அவளுடையதுதான் இருந்தது.

நாலு பேரும் சேர்ந்து செய்த மாதிரி இருக்கிறது பாருங்கள். மகள், பீர்முகமது, இவள், என் சொந்த டிராயர்.

"அம்மா இருந்தா நீ இப்படிச் செய்வியா?" என்று கேட்டேன்.

"அத்தை போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் யாருக்காக நான் சொர்ணமா இருக்கணும்?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். சோறு போடட்டுமா என்கிற மாதிரியே கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தேன். சும்மா இருன்னு சொன்னிய."

இது ஒரு பதிலா? நான் சும்மா இரு என்றது கம்ப்யூட்டர் விஷயத்தில். அதைக் கொண்டுபோய் இதில் ஒட்டுகிறாள். நாற்பது வருஷத்துக்கு மேலே ஒரே கூரை. நான் என்ன குறை வைத்தேன்? அடித்தேனா, குடித்தேனா? பட்டினி போட்டேனா? ஒரு பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் உள்ளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் சொர்ணம் சொர்ணம் என்று கூப்பிட்டபோதெல்லாம் இதோ வந்தேன் என்று வந்தது யார்? அதைக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தாளை பென் டிரைவில் போட்டுக்கொண்டு பீர்முகமது கடைக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கம்ப்யூட்டருக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

அன்றையிலிருந்து பேச்சில்லை. எதையும் பொதுவாகத்தான் சொல்வேன். காபி வேண்டும் என்பேன் சுவரைப் பார்த்து. எப்படிக் கூப்பிடுவது? சொர்ணம் என்றால் அவள் திரும்புவாளோ மாட்டாளோ. மாட்டாள் என்றால் அப்புறம் நான் என்ன செய்வது. மற்றப் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அம்மா பேர் தம்பி. நான் பிறந்ததிலிருந்து வாயால் சொன்னதில்லை. ஆபீசில் தாயார் பேர் கேட்டபோதுகூட எழுதித்தான் கொடுத்தேன்.

பின்னே ஏன் கூட வந்தீர்கள் என்கிறீர்களா? தனியாக எப்படி அனுப்புவது. பஸ் ஸ்டாண்டு நெரிசல் உங்களுக்குத் தெரியாதா. அவளுக்கு ரோட்டைக் கடக்கத் தெரியாது. என்ன? சனிக்கிழமையெல்லாம் எப்படிக் கடந்தாள் என்கிறீர்களா.

அதை நான் யோசிக்கவில்லை.

காலையில் பஸ்ஸில் ரெண்டு பேரும் ஒரே சீட்டு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முணுமுணு என்று ஏதோ சூத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். உதடு மட்டும் அசைகிறது. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தப் பச்சைப் புடவை சுபத்ரா எடுத்துக் கொடுத்தது. பரீட்சைக்கென்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறாள்.

தேறுவாளா என்று கேட்காதீர்கள். எனக்கென்ன தெரியும். தேறாவிட்டால் பீர்முகமது முகத்தில் எப்படி முழிப்பாள், அதுதான் யோசனையாக இருக்கிறது.

அதோ மணி. கேள்வித்தாள் கொடுப்பார்கள் இப்போது. தண்ணீர் குடிக்கிறீர்களா? பையில் பாட்டில் இருக்கும். இருங்கள், எடுக்கிறேன். குடை. துண்டு. இது என்னது, டப்பா மாதிரி.

கண்ணாடி.

இது படிக்கிற கண்ணாடி தம்பி. அவள் போட்டுக்கொண்டு போயிருப்பது தூரம் பார்த்து நடக்கிற கண்ணாடி. இது இல்லாமல் பக்கத்தில் இருக்கிற எழுத்து ஒன்றும் தெரியாது அவளுக்கு. தினசரி நாள்காட்டியைக்கூடக் கையை நீட்டிப் பிடித்துத்தான் பார்ப்பாள். எப்படி மறந்தாள்? நான் பேசியிருந்தால் கேட்டில் வைத்துக் கேட்டிருப்பேன், எல்லாம் எடுத்துக்கொண்டாயா என்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன்.

இந்தக் குடையைக் கொஞ்சம் பிடியுங்கள்.

வே, வாட்ச்மேன். கேட்டைத் திறவும். உள்ளே விடமாட்டீரா, சரி, விட வேண்டாம். இதைக் கொண்டுபோய் உள்ளே கொடுத்துவிடும். கண்ணாடி, வேறொன்றும் இல்லை. திறந்து பார்த்துக்கொள்ளும். எந்த ஹாலா? எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. பேசினால்தானே கேட்பதற்கு. வயசான அம்மா, பச்சைப் புடவை. அடையாளம் போதாதா? உள்ளே போய் அப்படித் தேடக் கூடாதா? போர்டில் பட்டியல் இருக்கிறதென்றால் பாருமேன். பேரா?

சொர்ணம்.

நன்றாகப் பாரும். இல்லையா.

இருக்காது. தெரியும், இருக்காது.

கொஞ்சம் பொறும். போகாதேயும், சொல்கிறேன். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நீர் இந்தப் பக்கம் வாரும், காதில் சொல்கிறேன். என்ன? கேட்கவில்லையா? சத்தமாகத்தான் சொல்ல வேண்டுமா.

சரி. எழுதிக்கொள்ளும். கணக்குப் பரீட்சை. எங்கள் வீட்டில் திறக்காத தாளைத் திறந்தவள் அவள்தான்.

உலகம்மாள்.